வாசலுக்குள் வந்தால் சீட்டு எடுக்கணும்

போன வாரம் ஏஞ்சலின் போனில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் மாலை வகுப்பை நடத்துகிற பெண் அவள். இப்போது வகுப்பு முழுக்கப் போன் திரையில்தான். "டீச்சர், பாடம் நடக்கும்போது பின்னாடி மாமியாருங்க வந்து நிக்கிறாங்க. புருஷன்மாருங்க எட்டிப் பாக்கிறாங்க. அவங்களுக்கும் சீட்டு குடுக்கணுமா? அந்தப் பழைய விதியை எடுத்துடலாமா?" என்று பாதி பர்மியத்திலும் பாதி தமிழிலும் கேட்டிருந்தாள்.

எடுக்கிறதாவது! சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே போனைத் தூக்கிப் பேச ஆரம்பித்தேன். "எட்டிப் பாக்கிறவங்களுக்குத்தான்டி முதல்ல குடுக்கணும்! உனக்கு ஸ்டெல்லா கதை தெரியுமா? திரேசம்மா கதை தெரியுமா?" பேசிக்கொண்டே இருந்தேன். கரண்ட் போனது, அதோடு போன் இணைப்பும் போனது. நான் மட்டும் இருட்டில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். என் மகன் சிரித்துவிட்டு, "எழுதி வைங்கம்மா, பாவம் அந்தப் பொண்ணு காது" என்றான். சரி என்று எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலையைச் சொன்னால் ஜனங்களுக்குச் சிரிப்பு வரும். யாங்கோன் என்று பலகையில் எழுதினாலும் எங்கள் வாயில் வருவது ரங்கூன்தான். அந்த ரங்கூனில், லான்மடாவில், ஒரு காகிதக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்துகொண்டு, குதிரை வீரர்களும் கோட்டைகளும் இருந்த காலத்து இங்கிலாந்துக் கதைகளைச் சொல்லிக்கொடுத்தேன். கேட்க வந்தவர்கள் யார்? கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா, ஹோட்டல் வரவேற்பில் நிற்கிற பெண், மருந்துக் கடைக்காரர், தையல்காரி. எல்லோருக்கும் வேண்டியது வேலைக்கு ஆகிற இங்கிலீஷ். நாங்கள் கொடுத்தது பிரபுவும் சீமாட்டியும்!

அந்த யோசனை என்னுடையது இல்லை. அது சயாமாஜீயுடையது. பர்மாக்காரர்கள் பெரிய டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பெயர் டோ கின் சான். வகுப்பை ஆரம்பித்தவர், எனக்கு மேலதிகாரி, ஒடிசலான உடம்பு, கொண்டையில் எப்போதும் ஒரு பூ. அவர் சொல்வார்: "இலக்கணம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் கோபம் வந்தால்தான் மனிதனுக்கு வேற்று மொழி வாயில் வரும். கல்யாணக் கதையைப் போல மனிதனுக்குக் கோபம் மூட்டுவது வேறு என்ன இருக்கிறது?"

உண்மைதானே! அந்தக் கதைகளைப் பிரித்துப் பாருங்கள். டிராகனும் வாளும் மேலே பூசின ஜிகினாதான். உள்ளே போனால் ஒரே சண்டை. வீட்டில் யார் சொல் நடக்கும்? புருஷன் சொல்லா, பெண்டாட்டி சொல்லா? எழுதி வைத்தவர்களில் பாதிப்பேர் கல்யாணமே ஆகாத மடத்துச் சாமியார்கள், அதுதான் வேடிக்கை. பெண்ணுக்குப் படை கிடையாது, நிலம் கிடையாது, கோர்ட்டில் பேச வாய் கிடையாது. அவளிடம் இருந்ததெல்லாம் ஆண்கள் கொடுத்த வாக்குதான். வீராப்பில் ஒருத்தன் சொல்லைக் கொடுத்துவிட்டால் அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். அதை வைத்தே கோட்டையை ஆட்டுவாள். படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். இப்போதும் சிலிர்க்கிறது.

என் படிப்புக் கதை சின்னது. அப்பா துறைமுக ஆபீஸில் கிளார்க், நான் மிஷன் பள்ளிக்கூடம், வீட்டில் இங்கிலீஷ் புத்தகம் கொஞ்சம் கிடந்தது, தபால் வழியாக ஒரு பட்டம். அதோடு தீர்ந்தது. வேலை கேட்டு அந்த மாடிக்கு ஏறின அன்றைக்குத்தான் உண்மையான படிப்பு ஆரம்பித்தது. வாசலில் காலை வைத்ததும் சயாமாஜீ ஒரு அரக்குப் பெட்டியை நீட்டினார். பெயர் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. "எடுங்கள்" என்றார். எடுத்தேன். சுருட்டின சீட்டில் ஒரு பாத்திரம் இருந்தது. மூன்று பெண்டாட்டிகளைப் புதைத்துவிட்டு நாலாவது தேடுகிற கிழட்டுப் பிரபு! சேசுவே, எனக்கு அப்போது கல்யாணம் ஆகி இரண்டு மாதம்கூட இல்லை. வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் எழுந்து நின்று அந்தக் கிழவனுக்காக வாதாடினேன் பாருங்கள், எனக்கே அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. வேலை கிடைத்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி விவரமாகச் சொல்லணும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. லபெட் வைக்கிற பெட்டி அது. ஊறவைத்த தேயிலை, பக்கத்துப் பக்கத்து அறைகளில் வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை என்று விருந்தாளிக்கு வைப்பார்களே, அதுதான். வகுப்பு ஆரம்பிக்கும்போது நடு அறையில் சீட்டுகள் இருக்கும். சயாமாஜீ குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதையை இங்கிலீஷில் சொல்வார். வழக்கு முற்றுகிற இடத்தில் டப்பென்று நிறுத்துவார். முடிவு சொல்ல மாட்டார். பெட்டி சுற்றி வரும். கதையில் வருகிற ஆளின் சீட்டு யாருக்கு வந்ததோ அவர் அந்த ஆளாகவே, "நான்" என்று சொல்லித்தான் பேச வேண்டும். பிடித்த கட்சி, பிடிக்காத கட்சி என்பதெல்லாம் கிடையாது. மற்றவர்கள் ஊர் ஜனம், கடைசியில் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். வேடிக்கை பார்க்க அங்கே இடமில்லை. வாசலுக்குள் வந்தால் சீட்டு எடுக்கணும், தபால்காரராக இருந்தாலும் சரி. அவர் எந்த மொழியிலும் பேசலாம், மொழிபெயர்ப்பது என் வேலை.

தீர்ப்பு முடிந்ததும் சீட்டுகளை எடுத்துவிட்டு நடு அறையில் லபெட்டை வைப்பார். ராஜா காலத்தில் இந்த நாட்டு வழக்கம் அது. வழக்குத் தீர்ந்ததும் இரண்டு கட்சியும் லபெட் தின்ன வேண்டும், தின்றால் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதாக அர்த்தம், அப்புறம் பேச்சு மாறக் கூடாது. எங்கள் வகுப்பிலும் அதேதான். ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர் தின்னாமல் போகலாம், அதில் அவமானம் இல்லை. ஆனால் அடுத்த வகுப்புக்குப் புது வாதத்தோடு திரும்பி வரணும்.

சயாமாஜீ எதையும் சரி என்று சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். நீங்கள் தொண்டை கிழியப் பேசி முடித்ததும் தலையைச் சாய்த்து, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பேர் திரும்ப எழுந்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா? கோ தெட் என்று கப்பல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், வாயே திறக்க மாட்டார். ஒருநாள் அவருக்குப் பெண்டாட்டிச் சீட்டு. போருக்குப் போன புருஷன் செத்துவிட்டதாகப் பொய்ச்செய்தி அனுப்பிவிட்டு, அவள் அழுகிறாளா என்று ஒளிந்திருந்து பார்க்கிற கதை. மனுஷர் முதலில் முணுமுணுத்தார். "அப்புறம்?" என்றார் சயாமாஜீ. திடீரென்று மேசையில் ஓங்கித் தட்டினார் கோ தெட். "நான் அழுதபோது நீ வைக்கோலுக்குள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டா இருந்தாய்? அப்படியானால் நான் யாருக்காக அழுதேன், உன் கழுதைக்கா?" என்று சுத்தமான இங்கிலீஷில் கத்தினார். மாடியே கைதட்டியது. அதற்குப் பிறகு அவரை நிறுத்தத்தான் எங்களுக்குக் கஷ்டம்!

இப்போது ஸ்டெல்லா.

ஸ்டெல்லா எங்கள் கிமிண்டைன் பக்கத்துப் பெண், என் மாதா கோயில்காரி. லான்மடாவில் சின்னதாகத் தையல் கடை, இரண்டு மெஷின். அப்பா அம்மா இல்லை. மெஷினும் கடையும் அவள் ஒண்டியாகச் சம்பாதித்தது. ஹோட்டல்களுக்குச் சீருடை தைத்துக்கொடுக்க ஆர்டர் பிடிக்கலாம் என்றுதான் இங்கிலீஷ் படிக்க வந்தாள். படகுத்துறையில் வேலை பார்க்கிற அருளை அவளுக்குப் பிடித்தது, அவனுக்கும் இவளைப் பிடித்தது. அருளின் அம்மாதான் திரேசம்மா. ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் இருப்பவர், பானை வியாபாரம். அங்கே சூளையில் வாங்கி, தன் கிட்டங்கியில் அடுக்கி வைத்து, படகில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவார். சின்ன வயதிலேயே விதவை. இடுப்பில் சாவிக்கொத்து ஆட நடந்து வந்தால் படகுக்காரன் எழுந்து நிற்பான், அப்படி ஒரு மனுஷி.

அந்த அம்மா கல்யாணத்துக்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. கடையை மூடணும். சாவியைத் தன் கையில் கொடுத்துவிட்டு மருமகள் த்வாண்டேக்கு வந்துவிடணும். அருளைக் கேட்டால், "அம்மா சொன்னா சரிதான்" என்று தலையைச் சொறிந்தான். மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்டெல்லா என்னிடம் அழுதாள். "வீட்டுக்கு வந்தவளுக்குத் தனிச் சாவி எதுக்கு? குடும்பம்னா ஒரே பூட்டுதான் இருக்கணும்னு சொல்றாங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை கோயில்ல எங்க கல்யாணத்தை அறிவிச்சு முதல் ஓலை வாசிக்கிறாங்க. அதுக்குள்ள சாவியைக் குடுத்துடணும். குடுத்துடப் போறேன். இன்னிக்குத்தான் எனக்குக் கடைசி வகுப்பு."

என்ன சொல்ல? அவள் வாழ்க்கை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

அன்றைய கதை ஆலைக்கார விதவையுடையது. மாட் என்று ஒரு பெண், மாவு அரைக்கிற ஆலைக்காரன் மனைவி. புருஷன் செத்த பிறகு ஆலையைத் தானே நடத்துகிறாள், சாவி இடுப்பில். பெண்பிள்ளை தனியாக ஆலை வைத்திருப்பதாவது என்று பிரபு தன் காரியஸ்தனைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். மறுக்க முடியாது. அந்தக் காலத்து விதவையைக் கட்டிக்கொடுக்கிற உரிமை பிரபுவுக்கு. "சரி, கட்டிக்கொள்கிறேன். என்னவென்று கேட்காமல் எனக்கு ஒரு வாக்குக் கொடுக்கட்டும்" என்கிறாள் மாட். காரியஸ்தன் மீசையை முறுக்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறான். கல்யாண நாள். அங்கே அப்போது தாலிகட்டு மாதிரியான காரியம் பீடத்துக்கு முன்னால் இல்லை, கோயில் வாசலில்தான். இந்தப் பெண்ணுக்கு இன்னது தருகிறேன் என்று மாப்பிள்ளை ஊர் கேட்க வாசலில் நின்று சொல்லணும், அப்புறம்தான் உள்ளே பூசைக்குப் போவார்கள். அந்த வாசலில் மாட் கேட்கிறாள்: "ஆலைச் சாவி என் இடுப்பிலேயே இருக்க வேண்டும்." ஊரே கேட்டது. அவனால் மறுக்க முடியவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்ததும் பிரபுவின் கோர்ட்டுக்கு ஓடுகிறான். மனைவி சொத்தெல்லாம் புருஷனுக்கு என்பது சட்டம், புருஷனாவதற்கு முன் சொன்ன சொல் புருஷனைக் கட்டாது என்கிறான்.

அங்கே நிறுத்தினார் சயாமாஜீ. சரியாக அந்த நேரம் மணி அடித்தது. எங்கள் மாடிக் கட்டடங்களில் ஜன்னலிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், கீழே இழுத்தால் மேலே மணி. அன்றைக்கு இழுத்த இழுப்பில் மணியே அறுந்து விழுந்துவிடும் போலிருந்தது. எட்டிப் பார்த்தேன். திரேசம்மா! "என் மருமவ சாயங்காலம் சாயங்காலம் எங்க போறான்னு பாக்க வந்தேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டார்.

ஸ்டெல்லா முகத்தில் ஈயாடவில்லை. நான் சயாமாஜீ காதில் கெஞ்சினேன். "இன்றைக்கு மட்டும் விதியை விட்டுவிடுங்கள், இவர்தான் அந்த மாமியார்." அவர் என்னைப் பார்த்தார், திரேசம்மாவைப் பார்த்தார், பெட்டியை நீட்டினார்.

திரேசம்மா சீட்டைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். மாட்! ஆலைக்கார விதவை! கதையைத் தமிழில் மளமளவென்று சொல்லிக்கொடுத்தேன். பெட்டி சுற்றி ஸ்டெல்லாவிடம் வந்தது. அவள் பிரித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். காரியஸ்தன்.

மாதாவே, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! சாவியைப் பறிகொடுக்கப் போகிறவள் சாவியைப் பிடுங்குகிறவனுக்காகப் பேசணும். பிடுங்க வந்தவர் அதைக் காப்பாற்றப் பேசணும். அறையில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும்.

ஸ்டெல்லா எழுந்தாள். சீட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். சயாமாஜீ, "அப்புறம்?" என்றார். அவளுக்கு எங்கிருந்து வாதம் வரும்? தெரிந்த ஒரே வாதத்தைத்தான் எடுத்தாள். இங்கிலீஷில் சொன்னாள், நான் தமிழாக்கித் திரேசம்மா காதில் போட்டேன். "வீட்டுக்கு வந்தவளுக்குத் தனிச் சாவி எதுக்கு? குடும்பம்னா ஒரே பூட்டுதான் இருக்கணும்." அந்த அம்மா வாயிலிருந்து தமிழில் புறப்பட்ட வார்த்தை, ஸ்டெல்லா வாயில் இங்கிலீஷாகி, என் வாயால் மறுபடி தமிழாகி, சொன்னவர் காதுக்கே வந்து சேர்ந்தது!

அவருக்கு அது தன் வார்த்தை என்று தெரியவில்லை. தெரிய நேரமும் இல்லை. கோபம் முந்திக்கொண்டது.

"யார்ரா நீ?" என்று எழுந்தார். சாவிக்கொத்து சலசலத்தது. "ஒருநாளாவது ஒரு மூட்டை மாவு தூக்கியிருக்கியா? கல்லு தேஞ்சப்போ கொத்த ஆள் பிடிச்சியா? மழையில தண்ணி ஏறினப்போ ராவெல்லாம் முழிச்சியா? நான் முழிச்சேன்! சாவி என்ன உங்கப்பன் வீட்டுச் சீதனமா?"

நான் மொழிபெயர்த்தேன். எதையும் குறைக்கவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் சேர்த்தேன். கோ தெட் தொடையில் தட்டிக்கொண்டார்.

ஸ்டெல்லாவுக்கும் சூடு ஏறிவிட்டது. நிமிர்ந்து நின்றாள். "சாவி உன் கையில் இருந்தால் அந்த வீட்டில் நான் யார்?"

"நீ யாரா? புருசன்! அது போதாதா உனக்கு? நீ என்னக் கட்டிக்க வந்தியா, பூட்டைக் கட்டிக்க வந்தியா?" அறை அதிர்ந்தது. திரேசம்மா நிற்கவில்லை. அவர் இப்போது மாட் இல்லை. "எனக்குத் தெரியும்டா உங்க சங்கதி. எம் புருசன் பொணத்தை எடுக்கிறதுக்கு முந்தி கொழுந்தனுங்க வந்து நின்னானுங்க, கிட்டங்கிச் சாவியக் குடுன்னு. கைக்குழந்தையோட நின்னேன். குடுக்கலையே! அன்னிக்குக் குடுத்திருந்தா என் புள்ளையும் நானும் நடுத்தெருவுல. பொம்பள கைச் சாவியக் கேக்கிறவன் நல்லா இருப்பானா?"

கேட்டுவிட்டு, தான் கேட்டது தன் காதில் விழுந்தது போல நின்றுவிட்டார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. முகம் அப்படியே வெளுத்தது.

ஊர் ஜனம் கை தூக்கியது. பிரபுச் சீட்டு எடுத்த மருந்துக் கடைக்காரர்கூட மாட் பக்கம் கை தூக்கிவிட்டார், அவரை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. சாவி மாட்டுக்கே என்று தீர்ப்பு. லபெட் வந்தது. தோற்ற கட்சியான ஸ்டெல்லா ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பெட்டி திரேசம்மாவிடம் போனது. அவர் ஒரு சிட்டிகை எடுத்தார்.

"எங்க ஊர்ப் பெரியவர் கிட்டங்கி வழக்குக்கு லபெட் வச்சுத்தான் முடிச்சாரு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கொழுந்தனுங்க தின்னானுங்க. அப்புறம் வாசல் மிதிக்கல. தின்னா என்னன்னு எனக்குத் தெரியும், டீச்சர்."

சிட்டிகையைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமியார் ஓலை வாசித்தார். வேறு ஒரு ஜோடியின் பெயர் வந்தது. அருள், ஸ்டெல்லா பெயர் வரவில்லை. த்வாண்டேயிலிருந்து அம்மா ஆள் அனுப்பி நிறுத்தச் சொன்னாராம். ஸ்டெல்லா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அருள் ஆண்கள் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைச் சாவி போகவில்லை, கல்யாணம் போய்விட்டது!

கோயிலிலிருந்து நேராகச் சயாமாஜீ வீட்டுக்குப் போனேன். வாழ்நாளில் அவரை எதிர்த்துப் பேசினது அன்றைக்குத்தான். "உங்கள் விதியால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது. மனிதர்களை வைத்து விளையாடுகிறீர்கள். நாம் சொல்லிக்கொடுப்பது இங்கிலீஷ், வாழ்க்கை இல்லை!" என்று கத்தினேன். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் முழுக்கக் கேட்டார்.

"அப்புறம்?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிலோமினா, அந்த அம்மா தின்னவில்லை. தின்னாதவர் திரும்பி வரணும். விதி அதுதானே?" என்றார். எனக்கு ஒப்பவில்லை. த்வாண்டேக்காரி நம் விதிக்கா வருவாள் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கல்யாணம்தான் நின்றுபோனதே என்று அடுத்த வகுப்புக்கு ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். கயிற்று மணி அடித்தது. இந்த முறை மெதுவாக, ஒரே ஒரு தடவை. திரேசம்மா ஏறி வந்தார். படகில் நனைந்திருந்தார். பெட்டியை நீட்டினேன். "சீட்டு வேணாம் டீச்சர். நான் மாட் இல்ல. திரேசம்மாவாவே பேசறேன்" என்றார். சயாமாஜீ தலையசைத்தார்.

"அந்தக் கதையில ஒண்ண யாரும் கேக்கல. சாவியக் காப்பாத்தினா, சரி. அதுக்கப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு? நான் சொல்றேன். கிட்டங்கியும் சாவியும் அவகிட்ட இருக்கு. ஆனா ராத்திரி சோறு திங்கறப்ப எதிர்ல ஆள் கிடையாது. எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள. அவனும் இந்தக் கரையில வேலை. மருமவளுக்கும் ஒரு கடை, ஒரு பூட்டுன்னா, அவ எதுக்கு என்னை எட்டிப் பாக்கப் போறா? சாவியக் கேட்டா ஆளும் கூடவே வந்துடும்னு நெனச்சேன். அவ்வளவுதான் டீச்சர். பிடுங்கித் திங்கணும்னு இல்ல." நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கேட்டதும் அந்தக் கொழுந்தனுங்க கேட்டதும் ஒண்ணாயிடுச்சே, அதுதான் தாங்கல."

மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. தேவையும் இல்லை, அத்தனை பேருக்கும் புரிந்திருந்தது.

ஸ்டெல்லா தன் பையைக் கிளறினாள். நூல்கண்டு, அளவு நாடா எல்லாம் கீழே விழுந்தது. ஒரு சாவியை எடுத்தாள். "அத்தை, கடைக்கு ரெண்டு சாவி இருக்கு. இது உங்களோடது. கடையைக் குடுக்கல, சாவியைத்தான் குடுக்கறேன். பானை ஏத்திக்கிட்டு இந்தக் கரைக்கு வர்ற அன்னிக்கு நீங்களே தொறந்து உக்காருங்க, அங்கதான் நமக்குச் சாப்பாடு. மத்த நாள்ல கடையைச் சாத்திட்டு நான் படகு ஏறி வர்றேன். வராட்டி நீங்க வந்து பூட்டைப் போட்டுடுங்க."

திரேசம்மா அந்தச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்புக்கொத்தில் கோத்தார். "கிட்டங்கிக்கு ஒரே சாவிதான் இருக்கு" என்றார், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி. அப்புறம் சுருக்கென்று நிமிர்ந்து, "நாளைக்கே ஒண்ணு வெட்டச் சொல்றேன். உனக்கு" என்றார்.

நான் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் ஒரு பெரிய கை அள்ளினார். பூண்டு, எள் எல்லாம் சேர்த்து மென்று விழுங்கினார். சயாமாஜீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை வருஷத்தில் வகுப்பு நேரத்தில் அவர் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை. கோ தெட் அழுவதை மறைக்க இருமிக்கொண்டே இருந்தார். நானோ? ஊரே கேட்கும்படி மூக்கைச் சிந்தினேன்!

கல்யாணம் எங்கள் கிமிண்டைன் கோயிலில். மாப்பிள்ளை கோட்டு ஸ்டெல்லா கடையில் தைத்தது. ஊர்வலம் வாசலுக்கு வந்ததும் திரேசம்மா கையை நீட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டார். "டேய் அருளு, நில்லு. அந்த மாட் ஊர்ல வாசல்லயே சொல்லிட்டுத்தான் உள்ள போவாங்களாம். சொல்லு."

அருளுக்கு வேர்த்து ஊற்றியது. சாமியார் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கடை ஸ்டெல்லாவோடது" என்றான் அருள். "சாவி அவகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு."

"உங்கிட்ட?"

"எங்கிட்ட இல்ல."

ஜனம் ஓவென்று சிரித்தது. கூட்டத்தில் கொண்டைப் பூவோடு நின்ற சயாமாஜீக்கு நான் மொழிபெயர்த்தேன். கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றார். அதையும் திரேசம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"அப்புறமென்ன அப்புறம்! பெட்டியக் குடுக்கச் சொல்லுங்க. கொண்டாந்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

சயாமாஜீ கொண்டுவந்துதான் இருந்தார்! பையைத் திறந்து அரக்குப் பெட்டியை எடுத்தார். "பூசையில நன்மை அப்பம் வாங்கறதுக்கு முந்தி எதுவும் சாப்பிடக் கூடாதும்மா!" என்று பதறினார் சாமியார். திரேசம்மா யோசித்தார். ஒரு கை லபெட்டை இலையில் சுற்றி மகன் கோட்டுப் பையில் திணித்தார். "வரும்போது இதே வாசல்ல."

பூசை முழுக்க அந்தக் கோட்டுப் பையில் எண்ணெய்க் கறை பரவிக்கொண்டே இருந்தது. நான் ஜெபமா சொன்னேன்? அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடிந்து மணி அடிக்க இருவரும் வெளியே வந்தார்கள். ஸ்டெல்லா வாசற்படியில் நின்றாள், நகரவில்லை. அருள் இலையைப் பிரித்தான். எல்லோரும் பார்க்க அத்தனையையும் தின்றான்.

அம்மா முன்னால் போய் நின்று வாயைத் திறந்து காட்டினான்.

"எங்கிட்ட எதுக்குடா காட்டறே?" என்றார் திரேசம்மா. "அவகிட்ட காட்டு."